மூளிக் கேக்

எங்கள் வீட்டு அல்பத்தில்
ஒரு கேக்கும் முழுசாய் இல்லை.

எனக்கு நாலு வயது, இடது மூலை இல்லை.
தம்பி நிரோசனுக்கு ஏழு, வலது மூலை இல்லை;
பச்சையும் ரோசும் வெளியே தெரிய
ரிப்பன் கேக் பல் விழுந்த பிள்ளைபோல் சிரிக்கிறது.
அக்காவின் பத்தாவதில்
சொக்லட் மூலையோடு பெயரின் முதலெழுத்தும் போய்
கௌசிகா சிகா ஆனாள்.
இன்றுவரை சிகாதான்.

காரணம் பெரிதில்லை.
அப்பாவுக்குச் சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை.
ஐந்தே முக்காலுக்குச் சந்தியில் பஸ்.
ஆட்கள் வந்து, நிமல் கமராவோடு வந்து,
மெழுகுதிரி கொளுத்த ஆறரை ஆகும்.
ஆகவே ஐசிங் காயமுதலே
அம்மா கத்தியை வெந்நீரில் தோய்த்து
ஒரு மூலையை அறுத்து
எவர்சில்வர் பெட்டியில் வைத்து அமத்தி மூடுவா.
"பதினொரு மணிக்கு முதல் திறக்காதேங்கோ."
பதினொன்று, ஆலையில் தேத்தண்ணி நேரம்.

இமையில் மா, காதுக்குள் மா.
கப்பலில் வருகிற கோதுமையெல்லாம்
இந்த மனிசன்ர மூக்கு வழியாகத்தான்
ஊருக்குப் பாணாய்ப் போகுது என்பா அம்மா.
எங்களுக்காக அவர் பாடியிருக்கிறார்,
ஐந்தரைக்கு, சப்பாத்துக் கட்டிக்கொண்டே, பாதிப் பாட்டு.
மிச்சத்தை பஸ்ஸுக்குள் முடிக்கிறன் என்று ஓடுவார்.
முடித்தாரா என்று
நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு வருடம் கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
கேற்றுக்குள் கழுத்தை நீட்டி
என் பட்டர் கேக்கின் இரண்டாவது மூலையையும் தின்றது.
அந்தப் படத்தில் மட்டும்
எல்லோரும் கேக்கைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறோம்.

போன ஆடியில் என் மகனுக்கு முதலாம் பிறந்தநாள்.
கேக் கடையில் பர்ஹானா கொப்பியைத் திறந்தாள்.
பட்டர், இரண்டு கிலோ, மேலே ஒன்றும் பூசாமல்.
"என்ன வடிவம்?"
சதுரம். ஒரு மூலை இல்லாமல்.
பேனை நின்றது.
"ஐங்கோணமா அக்கா?"
இல்லை, சதுரம்தான். மூலையைத் தனியாய்ப் பெட்டியில் தாங்கோ.
"வெட்டின கேக்கக் குடுத்த எண்டு
எனக்குத்தான் ஏசுவாங்க."

மாமி ஏசினா, எனக்கு.
முதற் பிறந்தநாளுக்கு மூளிக் கேக்கோ?
சுகிர்தன் சீலிங் பேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பேன் ஓடவில்லை, கரண்ட் இல்லை.

அப்பா ஓய்வுபெற்று மூன்று வருடம்.
ஐந்தரைக்குத் தன்னையறியாமல் சப்பாத்துப் போட்டார்,
பிறகு கழற்றினார்.
எங்கள் படங்களில் அவர் வருவது இதுதான் முதற்தடவை.
எங்கே நிற்பதென்று தெரியாமல்
பிரிட்ஜை மறைத்துக்கொண்டு நின்றார்.
பாட்டுத் தொடங்கியபோது அவர் குரல்தான் பெரிது.
பாதிக்குப் பிறகு உதடு மட்டும் அசைந்தது.

இரவு குசினியில் சத்தம்.
கைபேசி வெளிச்சத்தில் அப்பா,
மடியில் எவர்சில்வர் பெட்டி.
மணி பார்த்தேன். பார்த்திருக்கத் தேவையில்லை.
தேத்தண்ணி வைக்கட்டோ?
"ம்."

கேத்தில் கொதிக்கும் வரைக்கும் பேச ஒன்றுமில்லை.
பிறகு, என்னைப் பாராமல் சொன்னார்:
"சிறிபால சிங்களத்தில பாடுவான்.
முபாரக் மேசையில தட்டுவான்.
மெசின் சத்தத்தில ஒண்டும் கேளாது.
எண்டாலும் பாடி முடிப்பம்."

என் இருபத்தொரு பிறந்தநாளையும்
முகம் தெரியாத ஆட்கள் தின்றிருக்கிறார்கள்.
எனக்கு எத்தனை வயதென்று
அவர்களுக்குச் சரியாய்த் தெரிந்திருக்கும்.

கோப்பையை வைக்கும்போதுதான் பெட்டிக்குள் பார்த்தேன்.
பழக்கத்தில் ஏழாய் வெட்டியிருக்கிறார்.
தன் பங்கைத் தின்றுவிட்டார்.

ஆறு துண்டு இருந்தது.